பெறுபேறு வந்துவிட்டது, வேலை இனித்தான், தோழர்களே!

திருகோணமலை மண்ணில் படித்த, படிக்கிற, படிப்பிக்கிற தோழர்களே,

உயர்தரப் பெறுபேறு வெளியாகி ஒரு கிழமை ஆகிறது. பஸ் நிலையத்திலிருந்து உவர்மலை ஏற்றம் வரை பதாகைகள் தொங்குகின்றன. மூன்று ஏ எடுத்த பிள்ளைகளின் முகங்கள் அவற்றில் சிரிக்கின்றன. சிரிக்கட்டும், உழைத்தார்கள், பெற்றார்கள். நான் உங்களைக் கூப்பிடுவது பதாகையில் முகம் வராத பிள்ளைகளுக்காக.

கிண்ணியாவில் ஒரு மகள், இரண்டு பி, ஒரு சி என்று திரையில் பார்த்ததும் தொலைபேசியை அணைத்துவிட்டுக் குப்புறப் படுத்தவள், இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. வெருகலில் ஒருவன் மூன்றாம் நாளே தகப்பனோடு வள்ளத்தில் ஏறிவிட்டான். குச்சவெளியில் ஒருத்திக்குக் கலியாணப் பேச்சு தொடங்கிவிட்டது. மூதூரில் ஒருவன் கட்டாருக்குப் போகவென்று கடவுச்சீட்டுக்குப் படம் பிடித்துவிட்டான். நால்வரும் உயிரியல் பிரிவு. நால்வரும் முதல் தடவை எழுதியவர்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரம் மூன்று தடவை எழுதலாம். ஆகவே நால்வருக்கும் இன்னும் இரண்டு தடவை மிச்சமிருக்கிறது. பக்கத்தில் இருந்து அதை எடுத்துச் சொல்ல அந்த வீடுகளில் ஆளில்லை.

அந்த ஆளாக நாம் போக வேண்டும். அடுத்த மாதம் போனால் பிந்திவிடும். இந்தக் கிழமையே போக வேண்டும்.

நானும் குப்புறப் படுத்தவன்தான். முதல் தடவை எனக்கு வந்தது ஒரு சி, இரண்டு எஸ். "இவருக்கு மெடிசினாம்" என்று உறவு சிரித்தது. பாடசாலையில் ஒருவர், நல்ல மனசோடுதான், "தம்பி, உன்ர றிசல்ட்டுக்கு வேற ஏதும் பார்" என்றார். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இசட் புள்ளி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. "இன்னொருக்கா எழுதலாமா, ஏலாதா? அதை மட்டும் சொல்லு" என்றார். எழுதலாம் என்றேன். "அப்ப எழுது" என்றார். இரண்டாம் தடவை ஒரு பி, இரண்டு சி. மூன்றாம் தடவை ஒரு ஏ, இரண்டு பி. மாவட்ட ஒதுக்கீட்டில் மருத்துவபீடத்துக்குள் போனேன். முதல் வருடம் உடற்கூற்று மேசையைச் சுற்றி நின்ற எங்களில் மூன்று ஏக்காரரும் இருந்தார்கள், என்னைப் போன்றவர்களும் இருந்தார்கள். மேசையில் கிடந்த உடல் எங்கள் ஒருவரிடமும் பெறுபேறு கேட்கவில்லை.

இரண்டாம் தடவைக்கும் மூன்றாம் தடவைக்கும் நடுவில் என் மூளை மாறவில்லை. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த ஒரு மருத்துவபீட அண்ணன், ஆறு கிழமையாக ஒவ்வொரு பின்னேரமும் நான் செய்த பௌதிகவியல் வினாத்தாள்களைத் திருத்தித் தந்தார். எந்த வரியில் புள்ளி போகிறது என்று சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார். ஒரு சதம் வாங்கவில்லை. இந்த அறைகூவல் முழுவதும் அந்தச் சிவப்புப் பேனையைப் பற்றியதுதான்.

தோழர்களே, பிள்ளைகளிடம் போகும்போது முதலில் ஒரு கணக்கைக் கொண்டுபோங்கள்.

சான்றிதழில் இருக்கும் எழுத்து மருத்துவபீடத்தைத் தீர்மானிப்பதில்லை. 2001 முதல் தீர்மானிப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் நீ எடுத்த புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, அதை நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். ஒரு பேச்சுக்கு, மூன்று பாடத்திலும் சராசரி 45, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். 76, 76, 76 எடுத்தவருக்கு மூன்று ஏ. அவருடைய இசட் புள்ளி 2.07. 90, 74, 74 எடுத்தவருக்கு ஒரு ஏ, இரண்டு பி; அவருடையது 2.29. பதாகையில் படம் வருவது முதலாமவருக்கு. வரிசையில் முன்னுக்கு நிற்பவர் இரண்டாமவர்.

74இலிருந்து 75க்குப் போனால் எழுத்து மாறும், இசட் புள்ளி அசைவதே தெரியாது. 75இலிருந்து 90க்குப் போனால் எழுத்து மாறாது, அந்தப் பாடத்தின் இசட் முழுதாக ஒன்று கூடும். ஆகவே "எனக்கு பி வந்திட்டுது, இனி எல்லாம் முடிஞ்சுது" என்று அழும் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உன் இசட் புள்ளி எவ்வளவு? மாவட்டத்தில் எத்தனையாம் இடம்? போன முறை வெட்டுப்புள்ளிக்கு இன்னும் எவ்வளவு தூரம்? மேலே சொன்ன கணக்கின்படி ஒரே ஒரு பாடத்தில் ஆறு புள்ளி கூடினால் இறுதி இசட் 0.13 ஏறும். வெட்டுப்புள்ளிக்கு அருகில் நிற்பவர்களுக்கு அது பல பேரைத் தாண்டும் தூரம். "பெயில்" என்று அழுத பிள்ளைக்கு இந்தத் தூரத்தை எண்ணிக் காட்டினால், அழுகை நின்று பேனை கையில் ஏறும். நான் கண்டது இது.

இரண்டாவதாக, கதவைக் காட்டுங்கள்.

அரச மருத்துவபீடங்களின் இடங்களில் 100க்கு 40 அகில இலங்கைத் திறமை வரிசைக்குப் போகிறது. 55 சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்குப் போகிறது. மீதி 5 கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. நம் மாவட்ட வெட்டுப்புள்ளி வழக்கமாகக் கொழும்பை விடக் கீழே நிற்பது இதனால்தான்.

"அப்ப நீங்கள் குறைஞ்ச புள்ளியில போன ஆக்கள்தானே" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல நமக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டால் நம் மூத்தவர்களுக்கு இன்றும் நெஞ்சு எரியும். 1971 அனுமதியில் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் 400க்குச் சிங்கள மொழி மாணவர் 229 எடுத்தால் போதும், தமிழ் மொழி மாணவர் 250 எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர்களின் கோபம் எங்கே போய் முடிந்தது என்பதை நாடே அறியும். ஆனால் கதையின் மறுபாதியையும் மறைக்காமல் சொல்வோம். அதே மாவட்ட முறைதான் அதுவரை மருத்துவபீட வாசலை அரிதாகவே மிதித்த திருமலை, மட்டக்களப்பு, மன்னார் பிள்ளைகளுக்குச் சற்றே வழி விட்டது. மொழியைப் பார்த்துப் போட்ட தடை அநியாயம். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையைப் பார்த்துத் தரும் இடம் நியாயம். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்க விடாதீர்கள். போரால் பாதிக்கப்பட்ட யாழ்ப்பாணமும் இன்று அந்தப் பதினாறில் ஒன்றாக நிற்கிறது.

கடல் கடந்தும் இதே வழக்குத்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதா, நீட் என்ற ஒற்றைத் தேர்வால் மருத்துவ இடம் மறுக்கப்பட்டு, 2017 செப்டெம்பரில் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்தத் துயரத்தின் பின் எழுந்த குரல் அடங்கவில்லை. 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமானது. கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அந்த வழியால் உள்ளே போனார்கள். நமக்கு ஏற்கனவே இருக்கும் கதவை நாம் வெட்கப்பட்டு மூடிவைக்கலாமா?

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது. இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

மாவட்ட இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே பக்கத்து மேசைக்காரன் தமக்குப் போட்டியாளன் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். குறிப்பை ஒளிக்கிறார்கள், மாதிரி வினாத்தாளை மறைக்கிறார்கள். ஆனால் இடங்கள் நிரப்பப்படும் ஒழுங்கைப் பாருங்கள். முதலில் நிரம்புவது அகில இலங்கைத் திறமை வரிசை. அதில் இடம் பிடித்த திருமலைப் பிள்ளை மாவட்டப் பங்கிலிருந்து ஒன்றையும் எடுப்பதில்லை. அவளுக்கு அடுத்து நிற்பவளுக்கு அந்த மாவட்ட இடம் அப்படியே கிடக்கிறது. அதாவது, நம்மில் கெட்டிக்காரி இன்னும் பத்துப் புள்ளி கூட எடுத்துத் திறமை வரிசைக்கு ஏறினால், கீழே நிற்கும் இரண்டு பி, ஒரு சிக்காரிக்கு ஒரு இடம் திறக்கிறது. மேலே ஏறுபவளை இன்னும் மேலே தள்ளிவிட வேண்டும். கீழே நிற்பவளை இழுத்துவிட வேண்டும். இரண்டும் ஒரே வேலை. போட்டியாளரைத் தோழராக்குவது இந்தக் கணக்கு. குறிப்பை ஒளிப்பவர் தன் மாவட்டத்தின் இடத்தையே ஒளிக்கிறார்.

இது தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் உரிய கணக்கல்ல. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பிள்ளைக்கும், கந்தளாயிலும் சேருவிலவிலும் சிங்களத்தில் எழுதும் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். மாவட்டக் கதவு மூவருக்கும் பொது.

ஆனால் ஒரு உண்மையை நம் முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்வோம். மாவட்டம் என்று ஒரே பெயரில் எண்ணினாலும் நகரமும் வெருகலும் ஒன்றல்ல. விஞ்ஞானப் பிரிவு நடத்தும் 1 ஏபி பாடசாலைகள் ஊருக்கு ஊர் இல்லை. நல்ல ரியூசன் எல்லாம் நகரத்துக்குள். ஒதுக்கீடு மாவட்டத்துக்கு வருகிறது. மாவட்டத்துக்குள் வந்தபின் அது யாருக்குப் போகிறது என்று நாம் கேட்பதில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கத்தைப் பிள்ளைகள் பாதை எனும் மிதவைப் படகுக்குக் காத்து நின்றுதான் கடல் கடந்தார்கள். பாலம் வந்தபின் எல்லாம் சரி என்று நினைத்தோம். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்த இடத்தில் மாற்றாக விட்ட பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்கள் தண்ணீருக்குள் போனார்கள். புத்தகப்பையோடு போன அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்: பிள்ளை நகரத்துக்கு வரட்டும் என்று இனியும் காத்திருக்காதீர்கள். நாம் போவோம்.

யார் என்ன செய்வது?

மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கொழும்பிலும் மருத்துவபீடத்தில் இருக்கும் திருமலைத் தோழர்களே! உங்கள் விடுமுறையில் பத்து நாளைத் தாருங்கள். ஆளுக்கு மூன்று பிள்ளை. பெரிய மண்டபத்தில் நூறு பேருக்கு ஒலிபெருக்கி வைத்து நடத்தும் கருத்தரங்கு வேண்டாம். அதில் பதாகைக்குப் படம் கிடைக்கும், பிள்ளைக்குப் புள்ளி கிடைக்காது. அவர்கள் எழுதிய அமைப்புக் கட்டுரையை வாங்கி வரிக்கு வரி திருத்துங்கள். 50 பல்தேர்வு வினாவை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்கும் பழக்கத்தைக் கடிகாரம் வைத்துப் பழக்குங்கள்.

ஆசிரியத் தோழர்களே! மறுதடவை எழுதும் பிள்ளை பாடசாலை வாசலில் அந்நியனாகி விடுகிறான். சீருடை இல்லை, வகுப்பு இல்லை, ஆய்வுகூடச் சாவி இல்லை. கிழமையில் ஒரு பின்னேரம் அந்த ஆய்வுகூடத்தைத் திறந்துவிட அதிபரிடம் கேளுங்கள்.

வைத்தியசாலைகளில் வேலை செய்யும் தோழர்களே! 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது உங்கள் கடமைப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். வெளியூரிலிருந்து வருபவர் இடமாற்றக் கடிதத்தோடுதான் வருகிறார். நாளை மூதூரிலும் புல்மோட்டையிலும் இரவுக் கடமைக்கு யார் நிற்பார் என்று யோசித்தால், இன்று குப்புறப் படுத்திருக்கும் பிள்ளையின் கதவைத் தட்டுவது உங்கள் வேலையும் ஆகிறது.

வெளிநாட்டில் இருக்கும் தோழர்களே! விழாவுக்கும் வளைவுக்கும் அனுப்பும் காசில் ஒரு பங்கை பஸ் கட்டணத்துக்கும் வினாத்தாள் பிரதிக்கும் அனுப்புங்கள். வெருகல் பிள்ளைக்குத் தேவை அவ்வளவுதான்.

எழுதப்போகும் பிள்ளைகளே, உங்களோடும் ஒரு வார்த்தை. மூன்று திகதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசி நாள், அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள். புள்ளியில் சந்தேகம் இருந்தால் கேட்பது குற்றமல்ல. 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி கணித்தபோது மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் மீளக் கணிக்கச் சொன்னது. கணக்குப் போடுகிறவர்களும் பிழை விடுவார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வரிக்கு வரி வாசியுங்கள். விண்ணப்பிப்பது வேறு, ஒரு கற்கைநெறிக்குப் பதிவது வேறு. பதிந்துவிட்டு அடுத்த தடவைப் பெறுபேற்றோடு திரும்பி வரலாம் என்று கேள்விப்பட்டதை நம்பாதீர்கள். கைநூலில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்காதீர்கள். 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். தமிழில் கற்ற விஞ்ஞானம் குறைந்த விஞ்ஞானமல்ல. மருத்துவபீடத்தில் ஆங்கிலம் தேவைதான். முதல் ஆறு மாதம் நானும் விரிவுரை விளங்காமல் விழித்தேன். பிறகு விளங்கியது.

எல்லாப் பிள்ளைக்கும் மருத்துவபீடம் கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல வரவில்லை. மூன்றாம் தடவையும் எட்டாமல் போகலாம். அப்போது ஊரில் இரண்டு கூட்டம் வரும். ஒரு கூட்டம் "நான் அப்பவே சொன்னன்" என்னும். மற்றது வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி என்று மினுக்கிய தாளோடு வந்து, காணி உறுதியை அடகு வைக்கச் சொல்லும். முதல் கூட்டத்துக்குக் காது கொடுக்காதீர்கள். இரண்டாவது கூட்டத்துக்கு ஒரு ரூபாய் கொடுக்க முன்னர், அந்தக் கல்லூரியை இலங்கை மருத்துவ சபை ஏற்கிறதா, உயர்தரத்தில் என்ன கேட்கிறது என்று சபையிடமே கேளுங்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பினாலும் இங்கே தொழில் செய்ய இன்னொரு பரீட்சை எழுதித்தான் ஆகவேண்டும்.

வைத்தியசாலையை வைத்தியர் மட்டும் நடத்துவதில்லை. தாதியர் பட்டம், மருந்தாளர், ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம் எல்லாம் உயிரியல் பிரிவுக்குத் திறந்த கதவுகள். நம் ஊரிலேயே, கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு நடக்கிறது. இதை ஆறுதற் பரிசு என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். அதுவும் உழைத்துப் பெறும் இடம்தான்.

தோழர்களே, நம் உட்துறைமுகத்தின் ஆழத்தை உலகம் புகழ்கிறது. எவ்வளவு பெரிய கப்பலும் நிற்கலாம். இருந்தும் வெளியே வந்து நிற்கும் கப்பலுக்கு, இந்தத் தண்ணீர் தெரிந்த பைலட் ஒருவர் படகில் போய் ஏறித்தான் உள்ளே கொண்டுவருகிறார். கப்பலில் பழுது என்று யாரும் சொல்வதில்லை. வழி தெரிந்தவர் ஏற வேண்டும், அவ்வளவுதான். நமக்கு இந்தத் தண்ணீர் தெரியும். அந்தப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கடற்கரைக் காந்தி சிலையடியில் கூடுவோம். இடத்தைத் தெரிந்துதான் சொல்கிறேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, அந்தக் கடற்கரையில்தான் இருபது வயதை ஒட்டிய ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். நீதிமன்றத்தில் நமக்கு நீதி கிடைக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் படித்த பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிடமாட்டோம் என்று சொல்ல, அதைவிட ஏற்ற இடம் எனக்குத் தெரியவில்லை.

அன்று பேச்சாளர் இல்லை, பொன்னாடை இல்லை. கிராமம் கிராமமாகப் பெயர் எழுதி, ஆளுக்கு மூன்று பிள்ளை என்று பிரித்துக்கொண்டு, எட்டரை மணிக்கு வெருகல் பஸ்ஸிலும் குச்சவெளி பஸ்ஸிலும் மூதூர்ப் பக்க பஸ்ஸிலும் ஏறிவிடுவோம். பின்னேரத்துக்குள் அந்த நான்கு வீட்டுக் கதவையும் தட்டியிருக்க வேண்டும்.

வாருங்கள். வரும்போது ஆளுக்கொரு சிவப்புப் பேனை கொண்டுவாருங்கள்.